இரவல் முள்ளந்தண்டு

ஐயா,

விரல்களில் ஒரு புளிப்பு வாடை. எக்ஸ்றேப் படம் கழுவும் மருந்தின் வாடை. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. இன்று காலை கொழும்பு ஆஸ்பத்திரியில் புதிய மாணவர்களுக்கு முள்ளந்தண்டுப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் பெயரைப் பாருங்கள் என்று தொடங்கினேன்.

மருத்துவம் படிக்கையில் எங்கள் ஊர் வட்டக்கச்சிக்கு நான் வந்த கடைசி விடுமுறையில், இடுப்பு நாரியைப் பிடித்தபடி வரம்பில் நடந்துவந்தீர்கள். கால் விறைப்பதை அம்மாதான் சொன்னா. படம் எடுத்தீர்களா என்று கேட்டேன். மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தீர்கள். பெயர் இருக்கவேண்டிய மூலை அதில் இல்லை.

"எலி அரிச்சுப்போட்டுது, பிள்ளை. எலும்பை அரிக்கேல்லைத்தானே?"

சிரித்துவிட்டு, அதை முற்றத்து வெயிலுக்குப் பிடித்தேன். ஒவ்வொரு முள்ளெலும்பும் ஒரு முகம் மாதிரி, இரண்டு பக்கமும் கண், நடுவில் மூக்கு என்று காட்டினேன். கட்டி வந்து அரித்தால் ஒரு கண் மறைந்துவிடும். உள்ளே போகும் நரம்புத்தண்டு இந்தப் படத்தில் தெரியாது. அதைப் பார்க்க முதுகில் மருந்து ஏற்றி, மேசையைச் சரித்துப் படம் எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டீர்கள்.

"ஒரு கண் இல்லாட்டி?"

"உடனே கொழும்புக்குக் கொண்டுபோகவேணும், ஐயா."

"இதிலை எல்லாக் கண்ணும் கிடக்கோ?"

"ஓம்."

"அப்ப போய்ச் சோதினையை எழுது."

நெல்மூடை சுமந்த முதுகுக்கு எலும்போரங்கள் இவ்வளவு வழவழப்பா என்று வியந்தேன். என் தகப்பனின் முதுகென்று பெருமையாகக்கூட இருந்தது.

இறுதிச் சோதனை முடித்து வந்தபோது உங்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த மாதமே போய்விட்டீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அடுத்த காணி மாமி வந்தா. அவவின் மகன் முன்பு உழவு மெசினிலிருந்து விழுந்தவன்.

"பிள்ளை, எங்கட பெடியன்ர படம் கொப்பரிட்டைக் கிடக்கு. மூலையை வெட்டினது பறவாயில்லை, தாவன்."

அம்மா நிலத்தைப் பார்த்தா. அவவுக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் படத்தில் ஒரு கண் இல்லையென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தப் படத்தை வாய்க்காலில் விட்டுவிட்டீர்களாம்.

என் சோதனைக்காகத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பு அறியாத பிள்ளையாக என்னை ஏமாற்றியிருந்தால் ஒருவேளை ஆறியிருப்பேன். நான் படித்ததை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே என்னை அனுப்பிவிட்டீர்கள்.

இன்று எங்கள் ஊர்ப்பக்கத்து உருத்திரபுரத்திலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் வந்திருந்தார். மடியில் படம், அதன் மூலையில் அவருடைய பெயர். மாணவர்கள் முன்னால் கேட்டேன், "இது உங்கட படந்தானோ, ஐயா?"

"ஓம், பிள்ளை."

புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி அனுப்பினேன். ஈரம் காய முன்னரே அதை வாங்கி, பழையதோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே முதுகுதான்.

அவர் பொய் சொல்லவில்லை, ஐயா.