கோன் மணையும் பச்சைப் பெயிண்டும்

பீளமேடு,
கோயமுத்தூர்.
16.2.1997, ஞாயிறு.

அன்பு மகள் பிரீத்திகாவுக்குச் சித்தப்பா அழகிரிசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் சித்தி பங்காரம்மா, உன் தங்கை அக்ஷிதா, கொட்டகையில் நிற்கும் மாடு இரண்டு, எல்லோரும் சுகம். பட்டறையில் பழைய லேத் மட்டும் கொஞ்சம் இருமுகிறது, அதையும் சரி செய்துவிடுவேன். அந்தப் பனிக்குள் நீயும் மாப்பிள்ளை சைதன்யாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் எங்களுக்கு மனது நிறையும். காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளை போகிறார் என்று நீயும் போகாதே. உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் காகிதத்துக்கு ஒரு தொட்டி, பாட்டிலுக்கு ஒரு தொட்டி என்று வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போய் மறுபடியும் புதிதாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சித்திக்குப் படித்துக் காட்டினேன். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப அங்கியும் நம்மூட்டாட்டந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கவரை எடுத்துக்கொண்டாள். அமெரிக்காவைப் பற்றி அவளுக்கு இனிமேல் ஒரு சந்தேகமும் கிடையாது.

பதில் எழுத மூன்று வாரம் தாமதம் ஆனதற்குக் காரணம் அக்ஷிதாதான். சங்கதி முழுதாக முடிந்த பிறகுதான் அக்காவுக்கு எழுத வேண்டும், அதுவும் நான் எழுதுவதை அவள் பார்த்த பிறகுதான் உறையை ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள், கணக்கு என்று பெயர், கண்ணெல்லாம் என் பேனா மேலேதான். அங்கங்கே அடித்துத் திருத்தியிருந்தால் அது அவள் கைவரிசை என்று தெரிந்துகொள்.

அவர்கள் பள்ளிக்கூடத்தில் சாஜிதா பேகம் என்று கைத்தொழில் டீச்சர் ஒருவர், கோட்டைமேட்டுக்காரர், பேச்சு குறைவு, கத்தரிக்கோல் கூர்மை. பொங்கல் லீவு விடும்போது அவர் ஒரு போட்டி வைத்தார். வீட்டிலோ பக்கத்திலோ வீணாக எறிகிற பொருளை வைத்து உபயோகமான சாமான் ஒன்று செய்துவர வேண்டும், கடையில் எதையும் வாங்கக்கூடாது, பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய வேண்டும். பெரியவர்கள் உதவினால் என்ன உதவி என்று சொல்லிவிட வேண்டும், பெரியவர்களே செய்துகொடுத்தால் சேர்த்தி இல்லை. முதல் பரிசு கோப்பையும் இல்லை, டிபன் பாக்ஸும் இல்லை. ஜெயித்த சாமானைப் பள்ளிக்கூடமே சேர்ந்து நிறையச் செய்து உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும், அதுதான் பரிசாம். இதென்ன பரிசு என்று எனக்குத் தோன்றியது. அக்ஷிதாவுக்கோ அதுதான் பிடித்துப்போனது. ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில் உட்காருகிறார்கள், மழைக்காலத்தில் எழுந்தால் பாவாடையெல்லாம் ஈரம், பாதிப் பேருக்குச் சளி. மத்தியானச் சாப்பாடு ஆனதும் இவள் அங்கே போய்த்தான் கதை சொல்லிக்கொண்டிருப்பாள், என்னிடம் கேட்ட கதைகள்தான். "அதுகளுக்கு உக்கார ஒண்ணு செஞ்சுபோடோணும் சித்தப்பா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

நம் வீதிக் கடைசியில் சுப்பையன் பனியன் கம்பெனி இருக்கிறதல்லவா, அங்கே நூல் தீர்ந்ததும், நூல் சுற்றி வருகிற கூம்பு மாதிரியான காகிதக் கோன்களை மூட்டை மூட்டையாக வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பார்கள். இவள் போய்க் கேட்டு இரண்டு மூட்டை வாங்கி வந்தாள். கையளவு காகிதம், ஆனால் அழுத்திப் பார்த்தால் மூங்கில் மாதிரி நிற்கிறது. இருபது கோனை நிறுத்தி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சுற்றிலும் இறுக்கி, மேலும் கீழும் அட்டை ஒட்டி, உன் கல்யாணத்துக்குப் பவானியில் வாங்கிய ஜமக்காளத்தில் எலி கடித்த ஓரத்தை வெட்டி மேலே தைத்துவிட்டாள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்று அவளே எங்கேயோ படித்திருக்கிறாள். ஏழு அங்குல உயரத்தில் ஒரு மணை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான், ஆனாலும் மோட்டார் விஷயத்தில் இந்த ஜில்லாவில் எனக்கு மிஞ்சி (இந்த இடத்தில் ஒன்றரை வரியை அக்ஷிதா அடித்துவிட்டாள்). சரி, மணைக்கு வருகிறேன்.

போட்டிக்கு முதல் நாள் அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மணை வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தேன், பக்கமெல்லாம் கோன் தெரிகிறது, மில் முத்திரை தெரிகிறது, டியூப் தெரிகிறது. நம் பட்டறையிலிருந்து எந்தச் சாமானாவது இப்படி வெறும் உடம்போடு வெளியே போயிருக்கிறதா, நீயே சொல். மோட்டாருக்கு அடித்து டப்பாவில் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்தேன், சுற்றிலும் ஒரு அட்டையைப் போர்த்தி இரண்டு கை அடித்தேன், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதோடு கை நின்றதா, ‘அழகிரிசாமி அண்டு கோ, கோயமுத்தூர்’ என்று தகரப் பட்டை ஒன்றையும் முன்னால் அடித்துவிட்டேன். பட்டையில்லாத சாமானை யார் மதிப்பார்கள். வந்து பார்த்த அக்ஷிதாவுக்கு மூக்கு சிவந்தது. பிடுங்கினால் அட்டை கிழியும், காலையில் போட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு போனோம்.

பள்ளிக்கூட மைதானத்தில் பெற்றவர்களே ஐயாயிரம் பேர் (இருநூறு பேர். – அக்ஷிதா). நான் சலவை வேட்டி, சந்தனக் கலர் சட்டை. கொட்டாங்குச்சியில் பூச்சட்டி, பல்பில் மண்ணெண்ணெய் விளக்கு, பழைய புடவையில் மிதியடி என்று எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. தீர்ப்புச் சொல்ல வந்தவர் வெங்கடபதி என்று, கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல். நம் மணை முன்னால் வந்து நின்று, "இது யார் செஞ்சது அம்மணி?" என்று அக்ஷிதாவைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. "ஏனுங்க, டிசைன் என்ர மூளைங்க. ஈரோட்டுக்கு ரயில்ல போகையில தோணுச்சுங்க. மூணு நாள் லேத்துல நின்னு கடைஞ்சனுங்க. பம்பாய்க்காரன் நூறு வேணும்னு கையப் புடிச்சான், நாந்தேன் தரமுடியாதுன்னுட்டனுங்க" என்றேன். அவர் பட்டையைப் படித்தார், பெயிண்டைத் தடவிப் பார்த்தார், "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்று சொல்லி நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு ஒரே பெருமை. திரும்பிப் பார்த்தால் அக்ஷிதா என்னையே பார்க்கிறாள். "நீங்க ஒரு கோனையாச்சும் தொட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். சாஜிதா டீச்சர் வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நல்லா வந்த பிள்ளையோட வேலைங்க, உங்க வாயாலயே அடிச்சுப்போட்டீங்களே. பெரியவங்க செஞ்சதுன்னு கோடு போட்டாச்சு" என்றார். அதற்குள் அக்ஷிதா அங்கிருந்து போய்விட்டாள். அந்த நாற்பது பிள்ளைகளும் வேலிப்பக்கம் வரிசையாக, தரையில்தான், உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரீத்திகா, சின்ன வயதில் என் கதைக்கு வாயைப் பிளந்து உட்காருவாய். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் சிறுத்தையை டார்ச் லைட்டால் விரட்டியது, ஆற்றில் போன பஸ்ஸைக் கயிறு கட்டி இழுத்தது, எத்தனை சொல்லியிருப்பேன். உங்கப்பன் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் வேண்டும் என்று ஆரம்பித்தது, பிறகு வாய்க்கு ருசியாகிவிட்டது. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்ததில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் என் பேச்சு ஒரு பிள்ளையின் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். நேராக மேடைக்குப் போனேன், தலைமையாசிரியை முன்னாலிருந்த மைக்கைப் பிடித்தேன். "நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க. லேத்தும் இல்லீங்க, பம்பாய்க்காரனும் இல்லீங்க. பெயிண்ட் அடிச்சேன், பட்டை அடிச்சேன், பாக்கியெல்லாம் புள்ள செஞ்சதுங்க" என்றேன். வெங்கடபதி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏனுங்க, மொதல்ல சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யாங்க? புள்ளைக்காக உட்டுக்குடுக்கறீங்களாட்ட இருக்குது" என்றார். மைதானமே சிரித்தது. வாழ்நாளில் ஒரு உண்மையைச் சொன்னேன், அதை விற்க முடியவில்லை பார்.

அப்போது சாஜிதா டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். எதில் செய்தது என்று காட்ட அக்ஷிதா கொண்டுவந்திருந்த மீதிக் கோன் மூட்டையும் டியூப் வளையங்களும் அங்கேயே இருந்தன. ஆளுக்கு இருபது கோன், ஆளுக்கு நாலு டியூப் வளையம், பசை வேண்டாம், இரண்டு பேரும் எல்லோர் முன்னாலும் கட்டுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்றார். நான் கட்டினேன். முப்பது வருஷம் இரும்போடு பழகிய கை, கோனையெல்லாம் வாய் மேலே பார்க்க வரிசையாக நிறுத்தி இறுக்கினேன். கோன் என்றால் ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல் அல்லவா, இறுக்க இறுக்க ஊமத்தம்பூ மாதிரி மேலே விரிகிறது. பரவாயில்லை என்று உட்கார்ந்தேன். டியூப் தெறித்தது, கோன்கள் நாலா பக்கமும் உருண்டன, நான் தரையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேண்டுமென்றேதான் விழுந்தேன் என்று எழுதலாமா என்று பேனாவை நிறுத்தினேன், அக்ஷிதா இருமினாள். ஆகவே, நிஜமாகத்தான் விழுந்தேன். அவளோ ஒரு கோனை நேராக, அடுத்ததைத் தலைகீழாக, மறுபடி நேராக என்று மாற்றி மாற்றி வைத்தாள். அகலத்துக்குப் பக்கத்தில் குறுகல் போய் உட்கார்ந்தது, கட்டு தூண் மாதிரி நேராக நின்றது. நாலே வளையம். "உக்காருங்க சித்தப்பா" என்றாள். தொண்ணூற்றாறு கிலோ (எண்பத்திரண்டு) உடம்போடு உட்கார்ந்தேன். முனகக்கூட இல்லை. வெங்கடபதி ஐயா குனிந்து ஒவ்வொரு கோனாகத் தட்டிப் பார்த்தார். "இந்தத் தலைகீழ் யோசனை எப்படி வந்துச்சு அம்மணி?" என்று கேட்டார். வீட்டில் சித்தி டம்ளர்களைக் கழுவி, கூடைக்குள் இடம் பத்தாமல் ஒன்று நிமிர்த்தி ஒன்று கவிழ்த்தி அடுக்குவதைப் பார்த்ததுதான் என்றாள். அவர் நோட்டில் தான் போட்ட கோட்டுக்கு மேலேயே பெரிதாக 1 என்று எழுதினார்.

அதன் பிறகு மூன்று வாரம் பள்ளிக்கூடம் முழுக்கக் கோன்தான். எட்டாம் வகுப்பு பசை, ஏழாம் வகுப்பு அட்டை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிழிந்த ஜமக்காளம். எனக்குச் சைக்கிள் டியூப் வெட்டும் வேலை மட்டும், அதையும் சாஜிதா டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார், உதவியைச் சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நாற்பது மணையும் முடிந்தன. பிள்ளைகள் முதலில் அதைத் தலையில் கவிழ்த்திக்கொண்டார்கள், பிறகு மத்தளம் வாசித்தார்கள், மணியடித்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் நாற்பதும் ஒரே உயரம், பார்க்க வேண்டுமே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, வருகிற ஆடியில் தன் பள்ளியிலும் இந்தப் போட்டியை வைக்கப்போவதாகச் சொல்லிப் போனார். ஒன்பது ஜில்லாவிலிருந்து வந்தார்கள் என்று எழுத ஆசைதான், ஒருவர்தான் வந்தார்.

சித்தி உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். பருப்புப்பொடி, கொத்துமல்லிப்பொடி இரண்டும் தயார், ஊருக்கு வருகிறவர் யாராவது இருந்தால் எழுது. நீ இங்கே பார்சல் அனுப்புவதாக இருந்தால் நல்ல கெட்டி அட்டைப்பெட்டியாகப் பார்த்து அனுப்ப வேண்டும், உள்ளே எது இருந்தாலும் சரி, அக்ஷிதாவுக்குப் பெட்டிதான் வேண்டுமாம். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துக்கொள். இரண்டு பேரும் எல்லாச் செல்வமும் பெற்று, குளிரிலும் கனிந்த முகத்தோடு இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த முதல் மணை, பச்சை மணை, ஒன்றாம் வகுப்பு வாசலிலேயே இருக்கிறது. அதிலிருந்த என் தகரப் பட்டையை அக்ஷிதா கழற்றினாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன். எறியவில்லை. திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் ஆணியால் கீறி எழுதி, அதே இடத்தில் அடித்துவிட்டாள். மேல் வரியில் ‘செய்தது: அக்ஷிதா, எட்டாம் வகுப்பு’. கீழ் வரியில் எனக்கும் இடம் கொடுத்திருக்கிறாள், அதைப் பார்க்கத் தினமும் அந்த வழியாகத்தான் பட்டறைக்குப் போகிறேன். இந்தக் கடிதத்திலும் அதையே கையெழுத்தாகப் போடுகிறேன், அவள் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
பெயிண்ட் மட்டும்: சித்தப்பா