டூலி வீட்டு ஃப்ரீசர்

யங்ஸ்டவுன்
ஏப்ரல் 9

அன்புள்ள வெர்னா,

போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு நீ அனுப்பிய வால்நட் ரொட்டி வந்தது. காய்ந்துபோயிருந்தது. இருந்தாலும் தின்றுவிட்டேன்.

வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பாதி ஆயுள் கூரை மேல் நின்றவன் நான். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டைச் சோதித்து நல்லது கெட்டது சொல்லியே மீதி ஆயுளை ஓட்டியவன். எவனும் எனக்குக் கற்றுத்தரவில்லை. இப்போது ஒரு ஓட்டல் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 'இது ஜன்னல்' என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தபோது பழைய ஆட்கள் தாங்கள் செய்த வேலைக்கு அத்தாட்சி அனுப்பினாலே அதைக் கொடுத்தார்கள். நீ அனுப்பச் சொன்னாய். எவனுக்கு நான் அத்தாட்சி காட்ட வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாத்தியார் பெயர் ப்ரென்ட். அவன் பூட்ஸில் ஒரு துளி சேறு கிடையாது. நேற்று ஒரு நிலவறைச் சுவரின் படத்தைக் காட்டினான். சுவர் முழுக்கக் கறுப்பு.

"எமில் சார், இது என்ன?"

"பூஞ்சை."

"அப்படி எழுதக் கூடாது சார். 'பூஞ்சை போன்ற வளர்ச்சி'ன்னு எழுதணும்."

"பூஞ்சை மாதிரி வளந்து, பூஞ்சை மாதிரி நாறினா, அது வேற என்னய்யா? சீஸா?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. 'மோசம்' என்று எழுதக் கூடாதாம். 'இதைத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டிக்கொள்ளவும்' என்று எழுத வேண்டுமாம். அப்படியானால் நான் யார்? குமட்டுகிறது வெர்னா. தொழில் என்ற பெயரில் வழவழவென்று பேசக் கற்றுத்தருகிறார்கள்.

வகுப்பும் பரீட்சையும் போதாதாம். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே பத்து வீடுகள் போக வேண்டும், அவர் 'இவன் தேறினான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். இங்கே மூன்று பேரிடம் போனேன். ஒருவன் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "உங்க வாய் ஊருக்கே தெரியும் சார். எனக்குப் பொழப்பு வேணும்."

ஆக, நீதான் இருக்கிறாய். நான் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது. இந்த வேலை போய்விட்டால் காலையில் எதற்கு பூட்ஸ் மாட்டுவது என்று எனக்குத் தெரியாது.

உன் அண்ணன்,
எமில்

வாரன்
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

ரொட்டி காய்ந்திருந்தால் அது உன் வாசற்படியில் கிடந்து காய்ந்திருக்கும். தபால்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியை எப்போது எடுத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. முழங்கால் ஏணி ஏறும்போது மட்டும் வலிக்கிறது. என் தொழிலில் அது எப்போதும் என்று அர்த்தம்.

வா. கூட்டிப் போகிறேன். ஆனால் இது என் லைசென்ஸ். ஸ்டீவ் இறந்து நான் தனியாளான பிறகு, பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, இந்த வயதில் உட்கார்ந்து படித்து வாங்கியது. அதனால் ஒரே ஒரு நிபந்தனை. வீடு வாங்குகிறவர்களிடம் நான் பேசுவேன், நீ பேச மாட்டாய். நீ பார், குறித்துக்கொள், உன் ரிப்போர்ட்டைத் தனியாக எழுது. அதில் 'சனியன் பிடித்த வீடு' என்று வேண்டுமானாலும் எழுதிக்கொள். அதைப் படிக்கப்போவது நான் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் வறுவல். முன்பே வந்தால் உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறேன். போன வருஷம் மாதிரி எண்ணெய் பழசு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லாதே. பொரிப்பது ஃபாதரின் அக்கா.

அன்புடன்,
வெர்னா

யங்ஸ்டவுன்
ஜூலை 12

வெர்னா,

பரீட்சை தேறிவிட்டேன். ஒரு கேள்விக்குச் சரியான விடையே அதில் இல்லை. கண்காணிக்க உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னேன். "ஏதாவது ஒண்ண அமுக்கிட்டுப் போங்க சார்" என்றாள். இந்த நாட்டில் இப்போது எல்லா வேலையும் அப்படித்தான் நடக்கிறது.

இன்னும் ஒரு வீடுதான் பாக்கி, வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நேற்று டூலி வீட்டில் நீ செய்தது தொண்டையில் நிற்கிறது.

அந்த நிலவறைச் சுவர் உள்ளே பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் புதுப் பெயின்ட். ஈரம்கூடக் காயவில்லை, விரலில் ஒட்டியது. டூலியும் மனைவியும் அதை அடித்த கையோடு கோடைக்கு ஏரிக்கரைக் குடிசைக்குப் போய்விட்டார்கள், வீட்டை விற்கத் தரகரிடம் சாவி. இந்த மாதிரிப் பூச்சைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கும்.

நான் பேசப் போகவில்லை. கராஜில், கதவோரச் சாக்கெட்டில் சோதனைப் பட்டனை அமுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வீடு வாங்கப் புருஷனோடு வந்திருந்த அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் உள்ளே வந்து கேட்டாள்.

"சார், நீங்களா இருந்தா இந்த வீட்ட வாங்குவீங்களா?"

"என் நாய்க்குக்கூட வாங்க மாட்டேம்மா."

கேட்டாள், சொன்னேன். அதற்கு நீ, தரகர், புருஷன் எல்லோரும் பார்க்க, தெருவில் நின்று கத்தினாய்: "அண்ணா, வெளிய வா. இப்பவே. வண்டில போய் உக்காரு."

போனேன். அறுபத்தெட்டு வயதில், பள்ளிக்கூட இடைவேளையில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். நீயும் கடைசியில் 'நிலவறைச் சுவரைத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டவும்' என்றுதானே எழுதினாய்? ப்ரென்ட்டுக்கு உன்னைக் கண்டால் பிடிக்கும்.

கடைசி வீட்டுக்குத் தேதி சொல்.

எமில்

வாரன்
ஆகஸ்ட் 6

அண்ணா,

தேதி பிறகு. முதலில் இதைப் படி.

டூலி குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பியது. கராஜ் கதவைத் தூக்கியதும் அந்த அம்மாள் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். ஃப்ரீசர் நிறைய மான் இறைச்சி, ஏரியில் பிடித்த மீன், அவள் பறித்து வைத்த பெர்ரிப் பழங்கள். இந்த வெயிலில் மூன்று வாரத்துக்கு மேல். மூடியைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் நெளிகிறது. அடியிலிருந்து கறுப்பாகக் கசிந்து தரைச் சிமென்டில் ஊறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன், இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஃப்ரீசரில் கோளாறு இல்லை. கதவோரச் சாக்கெட்டில் பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஃப்ரீசர் எதிர்ச்சுவரில் இருக்கிறது, ஆனால் அதே லைன். சோதனைப் பட்டனை அமுக்கினால் அந்த லைன் முழுக்கக் கரண்ட் நிற்கும். பக்கத்துப் பட்டனை அமுக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் முதல் வாரம் சொல்லித் தருவார்கள். அன்று சமையலறையும் குளியலறையும் நான் பார்த்தேன், கராஜ் உன்னுடையது.

டூலி சத்தம் போடவில்லை. "யாராவது ஒருத்தர் 'ஆமா, மறந்துட்டேன்'னு சொல்லட்டும் மேடம். எனக்கு அது போதும்" என்றார். புகார் கொடுக்க மாட்டாராம்.

அவருக்கு ஒரு வரி எழுது. அமுக்கினேன், மறந்துவிட்டேன். அவ்வளவுதான். பிறகு கடைசி வீட்டுக்குப் போவோம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வெர்னா

யங்ஸ்டவுன்
ஆகஸ்ட் 10

வெர்னா,

எழுத மாட்டேன்.

ஒரு வருஷத்து இறைச்சியை அந்த மாதிரி லைனில் மாட்டி வைக்கிறவன் முட்டாள். ஒரு இடி இடித்தாலே அதில் கரண்ட் நின்றுபோகும். வீட்டில் ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரனிடம் எட்டிப் பார்க்கச் சொல்லத் தெரியாதா? என்னை வண்டிக்கு விரட்டியது யார்? நான் கராஜில் வேலையை முடித்துவிட்டேனா என்று கேட்டாயா? கூட்டிப்போகிறவர்தான் கடைசியாக வீட்டைச் சுற்றி வர வேண்டும். அதுவும் முதல் வாரம் சொல்லித் தருவதுதான்.

சுவருக்குப் பெயின்ட் அடித்து ஒரு கர்ப்பிணியை ஏமாற்றப் பார்த்தவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அந்த இறைச்சியைவிட இதுதான் அதிகம் நாறுகிறது.

எமில்

வாரன்
செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணா,

டூலிக்கு நான் எழுதிவிட்டேன். என் பொறுப்பு, நான்தான் கடைசியில் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று. அதில் நீ சொன்னது சரி. உன்னை அப்படி எல்லோர் எதிரிலும் கூப்பிட்டதும் தப்பு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நேற்று அவர் போன் செய்தார்.

"நீங்க வந்துட்டுப் போன மறுவாரமே உங்க அண்ணன் வந்தாரும்மா. பிளீச், மண்வாரி, ரப்பர் பூட்ஸ் எல்லாத்தோடயும். பேர்கூடச் சொல்லல. நேரா கராஜுக்குப் போய் வாரிக் கொட்ட ஆரம்பிச்சிட்டாரு. ரெண்டு தடவ வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்தாரு, திரும்பி வந்து தேச்சாரு. அவ்வளவு நேரமும் என்னத்தான் திட்டினாரு. ஃப்ரீசர இங்க வச்சவன் மடையன், சுவருக்குப் பெயின்ட் அடிச்சவன் திருடன்னு. நான் காபி கொடுத்தேன். அதுவும் நல்லால்லன்னுட்டாரு."

சிரித்துவிட்டேன் அண்ணா. பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குக் கையெழுத்துப் போடப் போவதில்லை. டூலி கேட்டதால் இல்லை, அவர் இப்போது எதுவும் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்ன குறை என்று நீ உள்ளபடி சொல்வாய். அந்தக் கர்ப்பிணிப் பெண் அந்த வீட்டை வாங்கவில்லை, அது உன்னால்தான். புழுவைக் கையால் அள்ளுவாய். ஆனால் 'மறந்துவிட்டேன்' என்ற ஒரு சொல் உன் வாயில் வராது. அது வராதவர், அடுத்த வீட்டில் கேஸைத் திறந்துவிட்டு மறந்தாலும் சொல்ல மாட்டார். அந்த வீட்டில் ஆட்கள் தூங்குவார்கள். அவரைத் தேறியவர் என்று என் பெயரைப் போட்டு என்னால் சொல்ல முடியாது.

இனி நீ பேசமாட்டாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் தங்கை,
வெர்னா

யங்ஸ்டவுன்
நவம்பர் 21

வெர்னா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதில் இருந்தது ஞாபகம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆக்ரனில் டோனா பிட்மன் என்று ஒருத்தி இருக்கிறாள். இடைவிடாமல் சூயிங்கம் மெல்கிறாள், பார்க்கவே அருவருப்பு. அவள் என்னைக் கூட்டிப்போகச் சம்மதித்தாள். உன்னோடு போன வீடுகளை அவள் கணக்கில் எடுக்க மாட்டாளாம். முதல் வீட்டிலிருந்து மறுபடியும். போகிறேன். இந்தக் குளிரில், இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி, அவள் பின்னால்.

செவ்வாய்க்கிழமை ஒரு வீடு. கராஜில் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் என் வண்டிச் சாவியை எடுத்து அந்தச் சாக்கெட்டின் மேலேயே தொங்கவிட்டேன். அது இல்லாமல் நான் எங்கேயும் போக முடியாது அல்லவா. டோனா மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு சார் சாவிய அங்க மாட்டுறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், டூலி வீட்டிலிருந்து தொடங்கி. அவள் "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெல்ல ஆரம்பித்தாள். பிறகு தன் சாவியையும் எடுத்து அதன் பக்கத்தில் மாட்டினாள்.

அவளிடம் எந்த வார்த்தையில் சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

எமில்