வெத்திலைக்கொடிக்கு எண்ணெய் தேய்ச்ச கதை

பலாங்கொடை
12.09.2004

அன்பு மகன் துஷாந்தனுக்கு,

அப்பா எழுதுறது. அந்தக் கட்டார் நாட்டு வெயில்ல நீ நோய்நொடி இல்லாம இருக்கணும்னு முருகனை வேண்டிக்கிறேன். இங்க நான், அம்மா, தங்கச்சி தனுஷிகா மூணு பேரும் சுகம், அம்மாவோட வெத்திலைக்கொடிக்குத்தான் சுகமில்ல. அது என்னாலதான்னு வேற யாரும் உனக்குச் சொல்றதுக்கு முந்தி நானே எழுதிர்றேன்.

போன மாசம் நம்ம தேயிலைத் தோட்டத்துல வீட்டுத்தோட்டப் போட்டி வச்சாங்க, முதல் பரிசு ரைஸ் குக்கர். பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலிங்கம் போட்ட முட்டைக்கோவா ஒவ்வொண்ணும் பச்சப்புள்ள தலை சைசுக்கு வந்துருச்சு. நம்மகிட்ட இருக்கது அம்மா ரெண்டு வருஷமா முள்முருங்கையில ஏத்திவிட்ட வெத்திலைக்கொடி ஒண்ணுதான், கொழுந்து பறிச்சிட்டு வந்ததும் தன் கால் கழுவுறதுக்கு முந்தி அதுக்குத்தான் தண்ணி ஊத்துவா. அவ மலைக்குப் போன நேரம் பாத்து நான் ஏணி போட்டு ஏறி, ஒரு போத்தல் தேங்காயெண்ணெயையும் இலை இலையா மேலயும் கீழயும் தேய்ச்சிட்டேன். அப்படி ஒரு மினுக்கம், கண்ணு கூசுச்சு. அம்மாகூட வந்து பாத்து மெச்சுனா, குசினிக்குள்ள போயி வெறும் போத்தலைப் பாக்குற வரைக்கும்.

அஞ்சாம் நாள் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சிருச்சு. நாகலிங்கம்தான் செய்வினை வச்சிட்டான்னு நான் லயத்து வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தனுஷிகாதான் விஞ்ஞானப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா. இலை அகலமா இருக்கது வெயிலைப் புடிக்கவாம், மெல்லிசா இருக்கது காத்து சட்டுன்னு உள்ளுக்குப் போகவாம், நரம்பெல்லாம் தண்ணி ஓடுற குழாயாம், மேல்பக்கத்துல பச்சையம் நெருக்கிக்கிட்டு இருக்காம், அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க ஆயிரக்கணக்குலயாம், அதுக்கு இலைவாய்னு பேராம். அது வழியா காத்தை இழுத்து, வெயிலையும் தண்ணியையும் வச்சு இலை தனக்குத்தானே சாப்பாடு ஆக்குதாம், ஒளித்தொகுப்புன்னா அதுதானாம், நீங்க அத்தனை வாயையும் அடைச்சுப் பட்டினி போட்டுட்டீங்கப்பான்னு சொன்னா. இருபத்தாறு வருஷம் பெக்டரியில கொழுந்து வாட்டுனவன் நான், ஒரு இலைகூட எங்கிட்ட வாயைத் திறந்து சொல்லலியே.

அம்மா அதோட எங்கூடப் பேச்சை நிப்பாட்டிட்டா. சோத்துத் தட்டைக் கொண்டாந்து வைப்பா, போயிருவா. நான் நாகலிங்கத்துக்கிட்டப் போயி, தப்பாப் பேசிட்டேன்னு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரிச்சிட்டு, சவுக்காரத் தண்ணி ஒரு பேசன் நிறையக் கரைச்சுக்கிட்டு வந்து ஏணியப் புடிச்சான், நான் மிஞ்சுன இலையை ஒண்ணொண்ணா மெல்லக் கழுவுனேன். அந்த நேரம்தான் போட்டிக்கு மார்க் போடுற சிங்கள மாத்தயா வந்து சேர்ந்தாரு. என்ன செய்றேன்னு கேட்டாரு, அவசரத்துல நான் சிங்களத்துல "கட்ட ஹோதனவா மாத்தயா", அதான் வாய் கழுவி விடுறேன்னு சொல்லிட்டேன். அவரு என்னையும் பாத்தாரு, கொடியையும் பாத்தாரு, புத்தகத்துல ஒண்ணுமே எழுதாமப் போயிட்டாரு. குக்கர் நாகலிங்கத்துக்கு.

இப்ப கொடியில எட்டுப் பத்துத் தளிர் விட்டிருக்கு. நேத்துப் பின்னேரம் அம்மா நான் கழுவுன இலையில ஒண்ணைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில போட்டா. ரெண்டு மெல்லு மெண்டுட்டு என் பக்கம் திரும்பி, "சவுக்கார வாசம் அடிக்குது"ன்னா. பதினெட்டு நாளைக்குப் பெறகு எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுப்பா, நானும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்குப் போறப்ப தலையில துணி கட்டிக்க. தங்கச்சிக்கு டிசம்பர்ல ஓ.எல். பரீட்சை, அவளுக்கு ரெண்டு வரி எழுதிப் போடு, மறந்துறாத. நீ நெனச்சதெல்லாம் கைகூடி நல்லபடியா ஊர் வந்து சேரணும்னு ஆசீர்வதிக்கும்

உன் அப்பா
கன்னையா