வெள்ளிக்கிழமைக்காரி சார்பாக ஆடியது

சால்ட்பாண்ட்,
வெள்ளிக்கிழமை, முற்பகல்.

அன்பு மகள் எஃபுவாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது, தீர்ப்பு மழைக்காலத்தில் தெரியும். அவ்விடம் நீயும் சுகமாக இருப்பாய் என்றே நம்புகிறேன், ஆயினும் போனில் நீ சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்பதை மட்டும் போதிய சாட்சியமாக ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்திலும் நீ அதையேதான் சொன்னாய். ஆகவே வின்னிபெக்கில் குளிர் தொடங்குமுன் அறையின் சூடேற்றியை வீட்டுக்காரர் சரிசெய்து கொடுத்துவிட்டாரா, இரவில் என்ன சாப்பிடுகிறாய், இவ்விரண்டையும் தனித்தனியாக எழுது.

இனி இங்குள்ள சேதி. நம் சபையின் வாலிபர் சங்கத்தார் வோல்ட்டாப் பக்கத்து மலையருவிக்கு முகாம் போக வேண்டுமென்று ஆறு மாதமாகப் பாடுபட்டது உனக்குத் தெரியும். கடலைத் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளைகள். மலை எப்படியிருக்கும் என்று கேட்டால் அலை நின்றுபோனால் எப்படியோ அப்படி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். கார் கழுவினார்கள், சோளமாவுக் கென்கியும் பொரித்த மீனும் விற்றார்கள், அப்படியும் பேருந்து வாடகையில் பாதிதான் சேர்ந்தது. சங்கத் தலைவி தொர்காஸை உனக்கு நினைவிருக்கும், தையல் கடைக்காரர் மகள், சனிக்கிழமையில் பிறந்தவள், அதற்குரிய பிடிவாதமும் உடையவள். அவளிடம் பேருந்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், திங்கட்கிழமை காலைக்குள் முழு வாடகையும் வராவிட்டால், "அதே தேதிக்கு ஒரு சாவு வீட்டுக்காரங்க காசோட நிக்கிறாங்க பாப்பா, செத்தவரு உங்களுக்காகக் காத்திருக்க மாட்டாரு" என்று. ஆகவே எல்லாம் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின், அவரவர் பிறந்த கிழமைப்படி அணியணியாக ஆடி வந்து பாத்திரத்தில் பணமிட்டு, எந்தக் கிழமை அதிகம் சேர்க்கிறது என்று நாம் போட்டி போடும் கிழமைக் காணிக்கையின் மேல் வந்து நின்றது.

இந்த இடத்தில்தான் உன் அப்பாவாகிய நான் குறுக்கே வருகிறேன். சென்ற ஆண்டு வெள்ளிக்காரர்கள் முதலிடம் பிடித்தபோது, அவர்கள் வரிசையில் ஆடினவர்களில் பாதிப் பேர் வேறு கிழமைகளில் பிறந்தவர்கள் என்று சனிக்காரர்கள் சண்டை பிடித்தார்களல்லவா. அது மறுபடி நேராதிருக்க விதிகள் எழுதித் தருமாறு, வக்கீல் என்ற முறையில், மூப்பர்கள் என்னைக் கேட்டார்கள். நானும் ஆறு விதிகள் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் விதி: ஒவ்வொருவரும் தாம் பிறந்த கிழமைக்கு மட்டுமே, ஒரே ஒரு முறை மட்டுமே, ஆடி வந்து காணிக்கையிடலாம். ஓட்டையில்லாத விதி என்று மூப்பர்கள் மெச்சினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கணவன் கிழமைக்கு மனைவியும், தாயின் கிழமைக்கு மகனும் எழுந்து எழுந்து ஆடுவதில்தான் அந்தப் பாத்திரங்கள் நிறைந்து வந்தன என்பது, சபையோடு இத்தனை வருஷம் இருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

நடுவர் மேசையில் கைமணியோடு நான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்காரர்களை அழைத்தோம். உன் அம்மா முதலான எல்லாரும் ஒழுங்காக வந்தார்கள், போட்டார்கள், ஒழுங்காகத் திரும்பினார்கள். வாத்தியக்காரர்கள் பாட்டின் இரண்டாம் அடிக்கு வருமுன் ஆட்டம் முடிந்துவிட்டது. ஞாயிற்றில் பிறந்ததாலேயே எஸி என்று பேர் பெற்றவளை இப்படி வங்கி வரிசையில் நிற்பதுபோல் நடக்கவைத்துவிட்டீர்களே என்று உன் அம்மா கண்ணாலேயே என்னைக் கேட்டாள். திங்கள்காரர்களும் அப்படியே. பாத்திரத்தின் அடி தெரிந்தது. தொர்காஸ் தூணருகே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது.

செவ்வாய்க்காரர்களை அழைத்ததும், மீன் புகைபோடும் அஜுவாமா எழுந்து வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு நடுவழியில் வந்தாள். சற்று முன்புதான் திங்களுக்கு ஆடிவிட்டுப் போனவள். நான் மணியடித்தேன். அவள் நிற்காமல் ஆடிக்கொண்டே மேசைவரை வந்து, "வக்கீலய்யா, மணிய ஆடு கழுத்துல கட்டுங்க. எம் மவன் கோபினா இத்தாலியில தக்காளி பறிக்கிறான். அவனுக்குச் செவ்வாக்கெழம. அவன் கால் அங்க மாட்டிக்கிச்சு, பெத்தவ கால் இங்கதான இருக்கு" என்றாள். மூன்றாம் விதியை வாசித்துக் காட்டினேன். "வாசிச்சாச்சா? சரி. உங்க மக எஃபுவா வெள்ளிக்கெழமதான? அந்தக் குளிர் தேசத்துல தன்னந்தனியா கெடக்குது. வெள்ளி வர்றப்போ அதுக்கு யாரு ஆடுவா? அப்பன் மணியடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரா?" என்று அவள் கேட்டதும் சபை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை மகளே. வாத்தியக்காரர்களைச் சற்று நிறுத்தச் சொன்னேன்.

ஊரில் இல்லாதவர் சார்பாக அவரிடம் அதிகாரம் பெற்றவர் செயல்படலாம் என்பது எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும் நெறி. அதன்படி, தொலைவில் இருப்பவருக்காக வீட்டார் ஆடலாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னேன். கூரை அதிர்ந்தது. செவ்வாயில் பிறந்து அந்தப் பேர் பெற்ற கோபினாமார் எத்தனை பேர் இத்தாலியிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் கண்டேன். புதனுக்கு, என் சொந்தக் கிழமைக்கு, நானும் நிதானமாக நடந்து போட்டுவிட்டு வந்தேன். வியாழனுக்கு அஜுவாமா மறுபடி எழுந்தாள், காலமான கணவர் யாவுக்காக. மரணத்தோடு அதிகாரப் பத்திரம் செல்லாமல் போய்விடும், ஆனால் இறந்தவர் சொத்தைப் பராமரிப்பவர் அவர் சார்பில் கொடுக்கலாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "அவரு விட்டுட்டுப் போன சொத்தே நான்தான் ஐயா, நல்லாத்தான் பராமரிச்சிட்டிருக்கேன்" என்று இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டிவிட்டுப் போனாள். போதகர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு வெள்ளி வந்தது. கட்சிக்காரனே நடுவராக இருத்தல் ஆகாது. எனவே கைமணியைப் போதகரிடம் ஒப்படைத்து, நடுவர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன். நான் ஆடினேன் எஃபுவா. வரிசையின் கடைசியில், கைக்குட்டை இல்லாததால் விதிகள் எழுதிய தாளையே வீசிக்கொண்டு ஆடினேன். "எஃபுவாவோட அப்பா, தோளையும் ஆட்டுங்க, சம்மன் கொடுக்கப் போறவர் மாதிரி நடக்காதீங்க" என்று சனிக்காரர்கள் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். தோளையும் ஆட்டினேன். உன் பெயரைச் சத்தமாகச் சொல்லி இருநூறு சீடி நோட்டு ஒன்றைப் போட்டேன், பாட்டு முடியாததால் திரும்பிப் போய் இன்னொன்றும் போட்டேன். உன் அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முழங்கால் வலி அன்று முழுக்க மறந்திருந்தாள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சனிக்காரர்கள்தான் முதலிடம், வெள்ளி இரண்டாமிடம். நான் ஆடியதால்தான் ஓரிடம் இறங்கிற்று என்று அம்மா சொல்கிறாள். அதற்கு ஆதாரம் இல்லை. பேருந்து வாடகை முழுவதும் தேறி, வழியில் பிள்ளைகளுக்குச் சோறு வாங்கவும் மிஞ்சியது. இன்று விடியற்காலையில் வண்டி புறப்பட்டது. கைகாட்டப் போயிருந்தேன். அஜுவாமா ஒரு கூடை புகைமீன் ஏற்றிவிட்டாள், தொர்காஸ் ஜன்னல் வழியாக எட்டி, "ஐயா, அருவித் தண்ணி ஒரு பாட்டில் எஃபுவாக்காவுக்குன்னு எடுத்து வைக்கிறேன், அவங்களும் வாடகையில பங்கு போட்டிருக்காங்கல்ல" என்றாள். சாவு வீட்டாருக்கு வேறு வண்டி கிடைத்துவிட்டது, விசாரித்தேன்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. இராப் பணி முடிந்து வரும்போது தனியாக நடக்காதே, செலவானாலும் வண்டி வைத்துக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறவாதே: மூப்பர்கள் கேட்டபடி விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறேன், இப்போது ஏழு. ஏழாவது இது: யாருக்காகப் பிறர் ஆடுகிறாரோ அவர் நேரில் வந்து சேர்ந்தால், சார்பாளர் அக்கணமே மறுப்பின்றி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் காணிக்கையும் ஆகஸ்டில்தான். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கேள்.

உன் வெள்ளிக்கிழமையைத் தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருக்கும்
அப்பா,
குவேக்கு ஈஷுன்