கழுதைக் கொல்லை

அம்மா,

இன்று காலை விளக்கெண்ணெயைக் கரண்டியில் சூடாக்கி முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூக்கண்டப்பள்ளிக் குளிருக்கு என் முட்டிகள் இரண்டும் மார்கழி பிறந்ததுமே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடுகின்றன. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நாத்தம் புடிச்ச எண்ணெய யாரு ஆயா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றாள். எங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வாசனையோடு நீயே வந்து உட்கார்ந்துவிட்டாய். பதில் கிடைக்காமலே அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். சமையலை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் வலது தொடைக்கும் இதே எண்ணெய்தான். மத்திகிரி குதிரைப் பண்ணையில் புல் அறுத்துக்கொண்டிருந்த இளவட்டத்தை, முதல் யுத்தத்தில் கோவேறு கழுதைகளோடு சேர்த்துக் கப்பலேற்றி, துருக்கிக்காரர்களோடு சண்டை நடந்த பஸ்ராவுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுதைகளின்மேல் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. திரும்பி வந்து பல வருடம் கழித்துத்தான் உன்னைக் கட்டினார். ஊரே கோவணத்தோடு ஏர் ஓட்டும்போது அப்பா மட்டும் காக்கி அரைக்கால் சட்டையோடு ஓட்டுவார். யாராவது கிண்டல் செய்தால், "துருக்கிக்காரன் குண்டு எறங்கின தொடைடா. கண்டவனுக்கெல்லாம் காட்ட முடியுமா?" என்பார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன தெருவில் பிறந்தவர் அவர். பெரிய வீடுகளின் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க அவருக்கு அந்தக் குண்டு கைகொடுத்தது. நம் தெருவே அதைத் தன் குண்டாக நினைத்துப் பெருமைப்பட்டது. நானும் நம்பித்தான் வளர்ந்தேன். குளிர் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு நீ அவருக்கு எண்ணெய் தேய்ப்பாய். என்னையும் தம்பியையும் உள்ளே விடமாட்டாய்.

அவர் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் யாரும்தான் புருஷன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் உனக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. பெயர் கேட்கிற இடத்துக்கெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போவாய். ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் கேட்டாலும், பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்டாலும், "இவளக் கேளுங்க" என்று என் முதுகில் ஒரு தட்டு. மாமனார் பெயரும் உன் வாயில் வராது. அதே பெயர் வைத்திருந்த பாவத்துக்கு, பக்கத்துத் தெரு வண்டிக்காரரைக் கடைசிவரை "அந்தப் பேருக்காரரு" என்றே கூப்பிட்டாய். அந்த மனிதரும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பழக்கம் ஒருமுறை நம் நிலத்தையே கொண்டுபோகப் பார்த்தது.

பட்டாளத்துக்குப் போனவர் என்பதால் சர்க்கார் அப்பாவுக்குக் கொடுத்த இரண்டரை ஏக்கர். கல்லும் கள்ளியுமாகக் கிடந்ததை நீங்கள் இருவரும் வருடக்கணக்கில் கல் பொறுக்கி, ராகி விளையும் கொல்லையாக மாற்றினீர்கள். ஐம்பதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். நிலத்தை உன் பெயருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம். உடனே பக்கத்து நிலத்துக்காரரான மேட்டு வீட்டுக்காரர் ஓர் எதிர்மனு போட்டார். அப்பாவிடம் இருந்த பட்டாளத்துக் காகிதம் வேறு ஆளுடையதாம், பொய் சொல்லித்தான் சர்க்காரிடம் நிலம் வாங்கினாராம்.

தாசில்தார் ஜீப்பில் வந்து சாவடியில் விசாரித்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது. தகரக் குழாயிலிருந்து காகிதத்தை உருவி நீட்டினாய். அது இங்கிலீஷ் காகிதம், நம் தெருவில் யாரும் படித்ததில்லை. தாசில்தார் படித்துவிட்டுப் பெயரைச் சொன்னார். அது அப்பா பெயர் இல்லை. தாத்தா பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ அசையவில்லை. "ஆள் எடுத்த தொரை இந்துஸ்தானி பாஷையில பேரு கேட்டிருக்கான் சாமி. யாரு மவன்னு கேக்கறான்னு நெனச்சு, இவரு தன் அப்பன் பேரச் சொல்லிட்டாரு. பட்டாளத்துல கடைசிவரைக்கும் அதே பேருதான்" என்றாய்.

"அப்படின்னா உங்க வீட்டுக்காரர் பேரையும் இந்தப் பேரையும் உங்க வாயால சொல்லுங்கம்மா. ரெண்டும் ஒரே ஆள்னு வாக்குமூலமா எழுதிக்கிறேன்" என்றார் தாசில்தார்.

பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். "நீ பொறக்கறதுக்கு முன்னால நடந்தது. நீ சாட்சி இல்ல" என்று கையமர்த்திவிட்டார்.

"ரெண்டும் நான் சொல்லக் கூடாத பேருங்க சாமி," என்றாய். "பேரு தவிர வேற எது வேணாலும் கேளுங்க."

"தெரிஞ்சாத்தான சொல்லுவா" என்றார் மேட்டு வீட்டுக்காரர்.

தாசில்தார் காகிதத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மூடிக்கொண்டார். "ஆளோட உடம்புல இருந்த அடையாளம் ஒண்ணு இதுல எழுதியிருக்கு. அது என்ன, எங்க இருக்கு?"

"இதென்னங்க கேள்வி, ஊருக்கே தெரியுமே" என்று மேட்டு வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். "தொடையில குண்டு பட்ட தழும்பு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

தாசில்தார் உன் பக்கம் திரும்பினார். "குண்டாம்மா?"

ஆமாம் என்று சொல்லம்மா என்று மனதுக்குள் கெஞ்சினேன். உன் பின்னால் நம் தெரு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. நீ முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாய்.

"குண்டு இல்லீங்க சாமி. கழுதை ஒதச்சது. பட்டாளத்துக் கோவேறு கழுதை. வலது தொடை, இடுப்புக்கு ஒரு சாண் கீழ. லாடம் அப்படியே பதிஞ்சிருக்கும், ஒரு பக்கம் நீட்டமா, ஒரு பக்கம் குட்டையா. குளிர் வந்தா நீலம் பூத்துக்கும்."

சாவடி அதிரச் சிரித்தார்கள். எல்லோரையும்விட மேட்டு வீட்டுக்காரர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புருஷன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டவள், அவர் தொடையைப் பற்றி அத்தனை ஆண்களுக்கு நடுவில் குரல் தாழ்த்தாமல் சொல்லிவிட்டு நின்றாய். தாசில்தார் கையை எடுத்துவிட்டு, காகிதத்தில் இருந்ததைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "வலது தொடையின் மேல்பகுதியில் லாட வடிவத் தழும்பு. கோவேறு கழுதை உதைத்தது." சிரித்து முடித்த பிறகுதான் மேட்டு வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நிலம் நின்றது. ஆனால் ஏரிக்கரை வழியே வீட்டுக்கு வரும்போது நான் உன்னிடம் எவ்வளவு சண்டை போட்டேன்! "அப்பா மானத்த இப்பிடி வாங்கிட்டியேம்மா. இனி ஊருல அவர எவன் மதிப்பான்?"

நீ நடையை நிறுத்தவில்லை. "அந்த ஒதய வாங்கிக்கிட்டு, அதே கழுதைமேல தண்ணிய ஏத்திக்கிட்டு ரெண்டு மைல் நொண்டிக்கிட்டே போயிருக்காரு. அங்க தண்ணியில்லாம கெடந்த ஆளுங்களுக்கு ஊத்திட்டுத்தான் கீழ விழுந்தாராம். அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு குண்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு." அங்கேதான் ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். "எனக்கு அந்த நொண்டிக்கிட்டுப் போன மனுசனத்தான் புடிச்சுது. அவராலதான் நெலம் நமக்கு வரட்டுமே."

தகரக் குழாயை உன் கையிலிருந்து வாங்கி நானே வீடுவரை கொண்டு வந்தேன்.

அந்த வாரமே ஊர் நம் நிலத்துக்குக் கழுதைக் கொல்லை என்று பெயர் வைத்தது. கேலிக்குத்தான் வைத்தார்கள். நீ அசரவே இல்லை. "கழுதைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போறேன், யாரு வர்றீங்க?" என்று தெருவில் நின்று ஆள் கூப்பிடுவாய். இப்போது தம்பி மகன் அங்கே ரோஜா போட்டிருக்கிறான். பூ ஏற்ற பெங்களூரிலிருந்து வரும் வண்டிக்காரர், கன்னடத்தில் பேசினாலும் கழுதைக் கொல்லை என்பதை மட்டும் தமிழில் சரியாகக் கேட்டுக்கொண்டு வந்து சேர்கிறார்.

கடைசியாக நீ ஓசூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். சீட்டு எழுதிய நர்ஸ் "புருசன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். உனக்குப் பேச்சே போயிருந்தது. அப்படியும் கண்ணை மெல்ல என் பக்கம் திருப்பினாய். நான் சொன்னேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். இனி யாரும் என் முதுகில் தட்டப்போவதில்லை என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

இப்போதுதான் பேத்தி வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், காலையில் கேட்டதையே மறுபடி கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன், எண்ணெய் பட்டாளத்துக்காரர் தொடைக்குத் தேய்த்தது என்றேன். "ஆமா ஆயா, அவருக்கு யுத்தத்துல குண்டடி பட்டுதாமே, ரோஜாத் தோட்டத்து மாமா சொன்னாங்க" என்றாள். அந்தக் குண்டு இத்தனை வருடம் கழித்தும் சாகாமல் சுற்றிவருகிறது, பார்.

"குண்டு இல்ல," என்றேன். "கழுதை ஒதச்சது. உக்காரு, முழுசாச் சொல்றேன்."

சொன்னேன். தண்ணீர், இரண்டு மைல், எதையும் விடவில்லை. சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தவள் முடிவில் சிரிக்கவில்லை.

"அவரு பேரு என்ன ஆயா?"

முதுகில் உன் கை பட்டதுபோல் இருந்தது.

"திம்மராயன்" என்றேன், உனக்கும் சேர்த்து.