எனக்குக் கிடைத்த அணி

3 பிப்ரவரி 1983

அனந்தராமனின் நாவலை ஒருவழியாக முடித்தேன். 'தீயும் திரியும்'. தத்துவ நாவலாம். தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர் எழுதினால் வேறென்ன வரும்? கதை இவ்வளவுதான். மைத்ரேயியைப் புருஷன் அடிக்கிறான். அவனை விட்டுப் போகலாமா கூடாதா என்று நானூறு பக்கம் யோசிக்கிறாள். வைகைக் கரையில் யோசிக்கிறாள், மொட்டை மாடியில் யோசிக்கிறாள், வெந்நீர் போட்டுக்கொண்டே யோசிக்கிறாள். அறம் என்பது யாது, தாலி என்பது யாது. கடைசிப் பக்கத்தில் போய்விடுகிறாள். அதற்குள் எனக்கு வயசாகிவிட்டது.

எழுமலையில் எங்கள் சனத்துக்கு இது ஒரு காலை வேலை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்காருவார்கள், பேசுவார்கள், ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள். உறவு தீர்ந்தது. அவள் விரும்பினால் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம். அனந்தராமன் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார்.

இதைக் கல்லூரியில் நான் சொன்னதில்லை. சொன்னால், 'தமிழ்த்துறை ஆண்டிச்சாமி ஊரில் அப்படியாமே' என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு மாதத்துக்கு மெல்லுவார்கள்.

9 பிப்ரவரி

பிச்சுமணி வந்தார். பட்டிமன்ற நடுவர். கூட்டம் எங்கே இருந்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய் நிற்பவர். 'மைத்ரேயி வீட்டை விட்டுப் போனது அறமா, அறமல்லவா' என்று தலைப்பாம். நாவலாசிரியரும் முன்வரிசையில் உட்காருவாராம்.

"அறமல்லன்னு பேச நீங்கதான் சார். உங்க குரலுக்கு அந்த அணிதான் எடுக்கும்" என்றார்.

என் குரலுக்கு எந்த அணியும் எடுக்கும். சரி என்றேன்.

20 பிப்ரவரி

ஜெயித்தாயிற்று. கூட்டம் மதுரைக் கூட்டம், 'கற்பு' என்று சொல்லி மூச்சு வாங்கினாலே கை தட்டுகிறது. கடைசியில் குரலை இறக்கி, "என் தங்கையைக் கணவன் அடிக்கலாம். அழுதுகொண்டே அவன் வாசலில்தான் கோலம் போடுவாள். அவள் அந்த வாசலைத் தாண்டினால் நான் பிறந்த வீட்டு விளக்கு அணைந்துவிடும்" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அசடுகள்.

என் தங்கை தங்கப்பொண்ணு கோலம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் புருஷன் மருதுவுக்கு அடிக்கக் கை நீளும் என்று மட்டும் கேள்வி.

முடிந்ததும் அனந்தராமன் பக்கத்தில் வந்தார். "நீங்க நம்பித்தான் பேசினேளா?" என்று கேட்டார்.

"பட்டிமன்றத்துல நம்பிக்கை எதுக்கு சார்?" என்றேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. நானூறு பக்கம் எழுதியவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

2 ஏப்ரல்

பேச்சை கேசட்டாகப் போட்டு விற்கிறார் பிச்சுமணி. உசிலம்பட்டி டீக்கடையில் தினமும் ஓடுகிறதாம். பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளக் கற்பு.

11 ஏப்ரல்

அப்பா எழுமலையிலிருந்து வந்தார். மருது அடித்ததில் தங்கப்பொண்ணுக்கு முன்பல் போய்விட்டது. அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தீத்துவிட்ருவோம்ப்பா. வார ஞாயித்துக்கெழம பேச்சு. நீ வந்து ஒக்காந்தாப் போதும், படிச்சவன் இருந்தா வெரசா முடியும்" என்றார்.

வாரேன் என்றேன். அவனை ஒரு வார்த்தையில் மடக்கிவிடலாம். கைநாட்டுப் பயல்.

17 ஏப்ரல்

தீரவில்லை.

துரும்பை யாரும் எடுக்கவே இல்லை. மருதுக்குப் பேச வந்தவர் நல்லகாமன். இரண்டு தாரத்தைத் துரும்பு கிள்ளித் தீர்த்துவிட்ட கிழவர். சபையைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

"இம்புட்டு நாளும் நாகரிகம் தெரியாமத் தீத்துவிட்டுக்கிட்டுத் திரிஞ்சோம். நம்ம ஆண்டிச்சாமி பேச்சக் கேட்டப்பறம்தான் வெளங்குச்சு. பொண்ணு வாசலத் தாண்டுனா பொறந்த வீட்டு வெளக்கு அணைஞ்சுபோகும்னு அவரே சொல்லிருக்காரு. அதுவும் ஊரான் வீட்டுப் பொண்ணச் சொல்லல. தன் தங்கச்சியச் சொல்லிருக்காரு" என்றார்.

கேசட்டை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் பாக்கியில்லை.

"அது மேடைக்குப் பேசுனது" என்றேன்.

"அப்ப இங்க பேசுறது எதுக்குப் பேசுறது மச்சான்?" என்றான் மருது. சிரித்தார்கள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் தீர்ப்புச் சொல்வதற்குள் தங்கப்பொண்ணு எழுந்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு மருது வீட்டுப் பக்கம் நடந்தாள், அவனுக்கு முன்னால்.

முட்டாப்பயலுக. எதக் கேக்கணும், எத விடணும்னு தெரியாத பயலுக. — நீ என்னடா பெரிய யோக்கியன்? அந்தக் கெழவனாச்சும் கேட்டத நம்புனான். நீ எத நம்புன? கைதட்டுக்குக் கூடப்பொறந்தவள வித்த நாயி.

30 ஏப்ரல்

விடைத்தாள் திருத்தினேன். அறம் பற்றிய கேள்விக்கு ஒரு மாணவன் என் கேசட்டை அப்படியே எழுதியிருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய.

8 மே

மருது இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். 'வா' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் பகையாளி வந்து நின்றாலும் 'வா' என்று சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு. பல் போன இடம் தெரியாதபடி உதட்டை இறுக்கி வைத்திருந்தாள்.

"கெளம்பு தாயி, மதுரைக்குப் போயிருவோம்" என்றேன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "இன்னைக்கு எந்த அணிண்ணே?" என்றாள்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

19 ஜூன்

காலையில் மருது நாலு பேரோடு நாகமலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். விடியுமுன்னே தங்கப்பொண்ணு வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம். அப்பா வீட்டிலும் இல்லையாம்.

"இங்கதான வந்திருக்கும். வெளிய அனுப்புங்க மச்சான்" என்றான்.

அவள் இங்கே வரவில்லை. எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. போக்கிடம் இல்லாதவளுக்கும் அண்ணன் வீடு ஒரு இடமாகத் தோன்றவில்லை. தோன்றாது.

கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றேன். "இங்கதான் இருக்கா மாப்ள. அனுப்ப மாட்டேன்" என்றேன்.

பிறகு பேசினேன். தெருவே கேட்கப் பேசினேன். எங்க சனத்துல பொண்ணுக்குப் பிடிக்கலைன்னா அம்புட்டுதான், தீந்துச்சு, என் அப்பத்தாளும் அப்பிடித் தீத்துட்டு வந்தவதான், அந்த வயித்துலதான் எங்கப்பன் பொறந்தாரு என்றேன். எதிர்வீட்டு மாடியில் ஆங்கிலத் துறைக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்று கேட்டார்கள். கேட்கட்டும். நன்றாகத்தான் பேசினேன். யாரும் கை தட்டவில்லை.

அவர்கள் நம்பிவிட்டார்கள். வேறு எங்கும் தேடிப் போகாமல் எதிரே பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்கள். பொழுது சாயும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை. இடையிடையே அந்தக் காலி வீட்டைத் திரும்பிப் பார்த்து, "நீ வெளிய வராத தாயி" என்று சத்தம் கொடுத்தேன்.