வாசலுக்கு வந்த வெள்ளைக்காரன்

என் செல்ல மகனே,

நீ அனுப்பிய உன் சிநேகிதன் வெண்டல் நேற்று வந்திருந்தான். அவன் வெள்ளைக்காரன் என்று முன்பே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். வாக்காளராகப் பதிவு செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, நம் வாசலில் நிற்கும் எந்த வெள்ளை முகத்தையும் நான் நம்புவதில்லை. மிசிசிப்பி நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. கறுப்பர்களுக்கு ஓட்டு ஒரு கேடா என்று கத்திக்கொண்டே ராத்திரியில் கல்லெறிந்தார்கள்; முன் ஜன்னல் உடைந்துவிட்டது. அதற்காக நீ கவலைப்படாதே.

அப்பாவின் துப்பாக்கியோடு கதவுக்குப் பின்னால் நின்று, "யாருப்பா உன்னை அனுப்புனது?" என்று கேட்டேன்.

"உங்க பையன்தாம்மா. வியட்நாம்ல ஒண்ணா சண்டை போட்டோம். ஆஸ்பத்திரியிலயும் பக்கத்துக் கட்டில்."

"அப்படியா? என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"நீங்க பாட ஆரம்பிச்சா சர்ச்சுல பக்கத்து வரிசை காலியாயிடுமாம்."

உன்னைத் தவிர யார் அப்படிச் சொல்வார்கள்? சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்தேன். ஆசையாகச் சாப்பிட்டான்.

"நீ எழுந்து வந்துட்டே. அவன் காயமும் சின்னதுதானே?" என்றேன்.

"ஆமாம்மா" என்றான், தட்டைப் பார்த்தபடி. திரும்பத் திரும்பக் கேட்டேன். தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நல்ல சேதி கொண்டுவந்தவன் அப்படி அழமாட்டான், மகனே. உன் உடம்பில் எது போயிருந்தாலும் எனக்கு நீ முழுசாகத்தான் இருப்பாய். இனி யாரையும் தூது அனுப்பாதே. நீயே வா.

உன் அம்மா